பூனையின் வாந்திக்குக் காரணம் காண்பது எப்படி?

பூனை என்றால் வாந்தி எடுக்கத்தான் செய்யும் என்று சொல்லி வாளாவிருப்பது பல வீடுகளில் வழக்கம். தன் மயிரை நக்கித் தூய்மை செய்துகொள்ளும் பிராணி, எப்போதோ ஒருமுறை மயிர்ச்சுருளை வெளியே தள்ளுவது இயல்பே. வாரந்தோறும் வாந்தி எடுக்குமாயின் அது இயல்பன்று. காரணம் ஒன்று இருந்தே தீரும்.

காரணம் தேடுதல் நாம் வாழும் புனே நகருக்குப் புதிதன்று. கால்நடைகளைக் கொன்று குவித்த நோய்களை ஆராய 1889-ஆம் ஆண்டில் அரசினரின் ஆய்வுக்கூடம் இங்கேதான் நிறுவப்பட்டது. 1893-இல் அது இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்துக்குப் பெயர்ந்தது. வீட்டுப் பூனைக்கோ, ஆய்வுக்கூடத்துக்கு முன்பாக வேண்டுவது வீட்டாரின் கண்.

முதலில், வெளிவந்தது வாந்திதானா என்று தெளிய வேண்டும். வயிறு குலுங்க முக்கி எடுப்பது வாந்தி. உண்ட சிறிது நேரத்தில், முயற்சியின்றி, செரியாத உணவு உருளையாக விழுவது எதுக்களித்தல். அது உணவுக்குழாயின் கோளாறாகவோ, அவசரமாக விழுங்கியதன் விளைவாகவோ இருக்கலாம். இச்சொற்பிரிவை மொழிபெயர்ப்பாளரின் வீண் கவலை என்று எண்ணவேண்டா. தேடல் செல்லும் திசையை இதுவே முடிவு செய்கிறது. மராத்தி மருத்துவரிடம் 'உல்டீ' என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடாமல், நடந்ததை நடந்தபடி விவரிப்பது நலம். கைபேசியில் படம்பிடித்துக் காட்டுவது அதனினும் நலம். நாள், நேரம், உண்டது, வெளிவந்தது ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும்.

நம்மவர் வீடுகளுக்கே உரிய ஆபத்து ஒன்றுண்டு. மல்லிகை தொடுக்கும் நூலைப் பூனை விளையாட்டாகக் கவ்வும். அதன் நாவிலுள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பதால், கவ்விய நூலைத் துப்புவது அதற்கு அரிது. ஒரு முனை நாவின் அடியில் சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலில் இறங்கும். குடல் அதை நகர்த்த முயன்று, நாடா கோத்த துணிபோல் சுருங்கும். நூல் குடலையே அறுத்துவிடவும் கூடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தென்பட்டால் இழுக்கலாகாது. உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பூச்செண்டில் வரும் பெரிய லில்லி மலரும் அத்தகையதே. அதன் மகரந்தத்தை நக்கினாலும் சிறுநீரகம் செயலிழக்கும்.

குட்டியாயின் குடற்புழுவையும் தொற்றுநோயையும் முதலில் ஐயுறலாம். முதிய பூனை நன்றாகத் தின்றும் மெலிந்துவந்தால், தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்யக்கூடும். பூனைகளிடம் இந்நோய் தெளிவாக விவரிக்கப்பட்டதே 1979-இல்தான். தண்ணீர் மிகுதியாகக் குடிப்பது சிறுநீரக நோயின் குறியாகலாம். இவற்றைக் குருதிப் பரிசோதனை காட்டித்தரும். ஒன்றும் புலப்படாதபோது, பூனை முன்பு உண்டறியாத ஒரே வகை இறைச்சியைச் சில வாரங்கள் கொடுத்துப் பார்க்குமாறு மருத்துவர் கூறுவார். அந்நாள்களில் பாற்சோறும், வெங்காயம் கலந்த குழம்பின் மிச்சமும் அறவே கூடா. வெங்காயம் எந்நாளும் அதற்கு நஞ்சே.

சோர்ந்து கிடக்கிறதே என்று இரங்கி, நமக்கான பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்தால் பூனை பிழைப்பது அரிது. வாந்தியில் குருதி கண்டாலும், ஒரு நாள் முழுதும் அது உண்ணாதிருந்தாலும், மறுநாள் பார்ப்போம் என்று காத்திருத்தல் தகாது.