மனையுரிமையும் திருத்தொண்டும்

குழந்தைகளைப் பேணுதலும் புகலிடம் அளித்தலும் சோழநாட்டுத் திருச்சபைக்குப் புதியன அல்ல. 1706-இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு, மறு ஆண்டே பள்ளி நிறுவி, வறிய சிறார்க்கு உணவும் உறைவிடமும் அளித்தார்.

எனினும், திருப்பனந்தாள் சூழ்ந்த நெல்வயல் நாட்டில், வறிய பெற்றோர் பலரின் குடிசை நிலக்கிழார் மனையிலேயே நின்றது; கூலி உயர்வு கேட்டோர் குடியிழக்கவும் நேர்ந்தது. 1971-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம், அன்று அம்மனைகளில் வாழ்ந்த உழவர்க்கும் உழவுத் தொழிலாளர்க்கும் உரிமை வழங்கிற்று. பின்னர்க் கிளைத்துப் புறமனைகளில் குடியேறிய குடும்பங்களை அது தழுவவில்லை.

வீட்டைக் கட்டினோரே அதில் குடியிருக்கும் நாளை ஏசாயா 65-ஆம் அதிகாரம் காட்டுகிறது. ஆதலின், குழந்தைகள் காப்பகம் நடத்தும் நாம், அங்கு வரும் குழந்தையின் வீட்டுக்குப் பட்டா உண்டோ என வினவுவோம். இல்லையேல், பெற்றோருடன் வட்டாட்சியர் அலுவலகம் செல்லுதலும் திருத்தொண்டே என உணர்வோமாக.