வெளிநாட்டில் இருந்தாலும் வீட்டு இன்டர்நெட்: எப்படிச் சாத்தியம்?

சென்னையிலிருந்து அலுவலக வேலையாக லண்டன் போயிருக்கிறார் ஒருவர். இரவு ஹோட்டலுக்குத் திரும்பி, பாதியில் விட்ட வெப் சீரிஸைப் பார்க்க ஓடிடி ஆப்பைத் திறந்தால், ‘உங்கள் பகுதியில் இது கிடைக்காது’ என்கிறது திரை. சரி, ஒரு சான்றிதழையாவது டவுன்லோடு செய்யலாம் என்று பார்த்தால் அந்த அரசு இணையதளமும் திறக்கவில்லை. “நேத்து வீட்டுல நல்லாத்தானே ஓடுச்சு!” என்று குழம்புகிறார்.

போன் அதேதான், பாஸ்வேர்டும் அதேதான். மாறியது ஐபி முகவரி மட்டும். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதை இணையதளங்கள் இதை வைத்துத்தான் கணிக்கின்றன. சில இந்தியத் தளங்கள் வெளிநாட்டு ஐபி என்றாலே கதவை மூடிவிடும். அப்போது கைகொடுப்பது, சென்னை வீட்டில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும் பிராட்பேண்ட்.

கட்டண விபிஎன் போதாதா?

2022 ஏப்ரலில் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என விபிஎன் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அதையடுத்து எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்டுவிபிஎன், சர்ஃப்ஷார்க் ஆகியவை இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை அகற்றின. மேலும், கட்டண விபிஎன்-இல் ஒரே ஐபி-யைப் பலர் பகிர்வதால், ஓடிடி தளங்களும் வங்கிகளும் அதை எளிதில் கண்டுபிடித்துத் தடுத்துவிடும். வீட்டு இணைப்பில் இந்தச் சிக்கல் குறைவு.

எப்படி வேலை செய்கிறது?

வீட்டில் எப்போதும் ஆனில் இருக்கும் ஒரு சாதனம் வேண்டும். கையில் உள்ள போன், மறையாக்கம் செய்த சுரங்கப்பாதை வழியாக அந்தச் சாதனத்தை அடையும். அங்கிருந்து வீட்டு பிராட்பேண்ட் வழியாக இணையத்துக்குப் போகும். இதற்கு வயர்கார்டு என்ற இலவச மென்பொருள் பிரபலம். ஆனால், நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு.

பல பிராட்பேண்ட் நிறுவனங்கள் ஒரே பொது ஐபி-யைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. இதன் பெயர் சிஜிநாட். பெரிய அபார்ட்மென்ட்டின் தெரு முகவரி மட்டும் தெரிந்து, பிளாட் நம்பர் தெரியாமல் வரும் கூரியர்காரரின் நிலைதான். வெளியிலிருந்து உங்கள் வீட்டை நேரடியாக அடைய முடியாது. ரவுட்டர் செட்டிங்ஸில் காட்டும் ஐபி-யும், ‘என் ஐபி என்ன’ என்று கூகுளில் தேடினால் வரும் ஐபி-யும் வேறுவேறாக இருந்தால், பெரும்பாலும் உங்கள் வீடும் சிஜிநாட்டில்தான் இருக்கிறது.

டெய்ல்ஸ்கேல் ஆப் இதற்கு எளிய வழி. இதில் வீட்டுச் சாதனமே வெளியே போய்த் தொடர்பை ஏற்படுத்திக்கொள்ளும். தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசம். பழைய ஆண்ட்ராய்டு போன், ஆப்பிள் டிவி, ராஸ்பெர்ரி பை என எதிலும் நிறுவி, அதை ‘எக்ஸிட் நோட்’ ஆக்கி, டெய்ல்ஸ்கேல் கணக்கில் அனுமதி கொடுத்தால் போதும்.

கிளம்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

* பிளானில் அப்லோடு வேகத்தைப் பாருங்கள். வீடு அப்லோடு செய்யும் வேகத்தில்தான் வெளிநாட்டில் உங்களுக்கு டவுன்லோடு ஆகும்.
* வீட்டுச் சாதனத்துக்கு ‘கீ எக்ஸ்பைரி’யை ஆஃப் செய்யுங்கள். இல்லாவிட்டால் வழக்கமாக 180 நாளில் இணைப்பு அறுந்துவிடும்.
* ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கி வையுங்கள். இங்கே கரண்ட் போனால் அங்கே உங்கள் நெட்டும் போய்விடும்.
* முதல் நாளே போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சோதித்துப் பாருங்கள்.

லண்டனில் இருந்துகொண்டு லண்டன் தளத்தைத் திறந்தாலும் தகவல் சென்னை போய்த்தான் திரும்பும். அதனால் வேகம் குறையும். தேவைப்படும்போது மட்டும் ஆன் செய்வதே நல்லது. வங்கி ஓடிபி இதில் வராது. அது சிம்முக்கு வருவது என்பதால் ரோமிங்கைத் தனியாக ஆக்டிவேட் செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்குதான் அதிக கவனம் தேவை. ஐக்கிய அரபு அமீரகத்தில் விபிஎன் வைத்திருப்பதே குற்றமல்ல. ஆனால் குற்றம் செய்யவோ, அதை மறைக்கவோ ஐபி-யை மாற்றினால், 2021-ம் ஆண்டின் சைபர் குற்றச் சட்டப்படி 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் விதிக்கலாம், சிறைத் தண்டனையும் உண்டு. அங்கே வாட்ஸ்அப் அழைப்புக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ‘எல்லாரும் இப்படித்தானே பேசுறாங்க’ என்று துபாயில் இறங்கியதும் விபிஎன்-ஐ ஆன் செய்வது ஆபத்து. சீனாவிலும் விபிஎன் மீது கடும் கட்டுப்பாடு உண்டு. ஓடிடி நிறுவனங்களின் விதிமுறைகளையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

ஆபீஸ் லேப்டாப்பில் இதைப் போட்டு, ‘வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறேன்’ என்று காட்டிக்கொள்வதும் விபரீதம். ஐபி சென்னையைக் காட்டினாலும் வேலை நடப்பது வேறு நாட்டில். விசா, வருமான வரி, நிறுவனத்தின் டேட்டா பாதுகாப்பு விதிகள் என மூன்று பக்கமும் சிக்கல் வரும். வேலையே போகலாம்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு சரியாக செட் செய்தாலும் ஒருநாள் ரவுட்டர் ஹேங் ஆகும். “அம்மா, அந்த வெள்ளை பாக்ஸை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்று போனில் சொன்னால் புரிந்து செய்யும் அளவுக்கு, கிளம்பும் முன் வீட்டில் ஒருவருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போங்கள்.