கல்லாப்பெட்டி அகராதி



"இன்று ரொக்கம், நாளை கடன்" என்ற பலகையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நாளைக்குப் போய்க் கேட்டாலும் அந்தப் பலகை 'இன்று' என்றுதான் சொல்லும். 'கடன் இல்லை' என்று நாமே முகத்துக்கு நேரே சொன்னால் வருத்தம். பலகை சொன்னால் வந்தவரும் சிரித்துக்கொண்டே பையில் கையை விடுவார். வியாபாரத்தில் நகைச்சுவைக்கு உள்ள வேலை இதுதான். அந்த வகையில் நம் கடைச் சொற்கள் சிலவற்றுக்குப் பொருள் தருகிறேன்.

போணி: காலையில் நடக்கும் முதல் விற்பனை. 'இன்னும் போணி ஆகலீங்க' என்பது கடன் கேட்பவரை மரியாதையாக அனுப்பும் வார்த்தை. மாலை ஐந்து மணிக்குச் சொன்னால் எடுபடாது.

லாபம்: நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று எண்ணுவது வழக்கம். பலருக்கு லாபம் அந்த ஒரு மரக்காலோடு சரி.

பற்று: வாங்கிப் போன சரக்கை வாடிக்கையாளர் பெயரில் எழுதும் இடம். 'பற்றை விடு' என்கிறார்கள் பெரியவர்கள். நாம் விட்டாலும் மொத்த வியாபாரி நம்மை விடமாட்டார்.

கொசுறு: ஒரு கொத்துக் கறிவேப்பிலை. கொடுக்கும்வரை அதற்கு விலை இல்லை. ஒருநாள் கொடுக்காமல் பாருங்கள், விலை தெரியும்.

எம்.ஆர்.பி.: இதற்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். குறைத்து விற்கத் தடை இல்லை. ஆகவே நமக்கு அது கடைசிப் படி, வாடிக்கையாளருக்கு பேரம் தொடங்கும் முதல் படி.

சில்லறை: 25 காசு 2011 ஜூன் மாதத்தோடு செல்லாததாகிவிட்டது. அதற்குப் பதில் மிட்டாய் கொடுத்த காலமும் போனது. இப்போது செல்போனில் பணம் வந்தால் மேஜைமேல் இருக்கும் பெட்டி ஊருக்கே கேட்கும்படி சொல்கிறது. பாக்கியைப் பற்றி மட்டும் அது வாய் திறப்பதில்லை.

சிதம்பர ரகசியம்: நடராஜர் சன்னதியில் திரையை விலக்கினால் பொன் வில்வ மாலை தொங்கும், மற்றபடி வெட்டவெளி. மாதக் கடைசியில் கல்லாவைத் திறந்தால் வெட்டவெளி மட்டும் உண்டு, மாலை இல்லை.

காலாவதி: பிஸ்கட்டுக்கு உறையில் போட்ட தேதி, நன்றிக்கு மறுநாள், கடனுக்கு மூன்று ஆண்டு. கடைசியில் சொன்னது வேடிக்கை அல்ல. 1963ஆம் வருடத்துக் காலவரம்புச் சட்டப்படி, தவணை பேசாமல் கடனுக்குக் கொடுத்த சரக்கின் விலைக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடு முடிவதற்குள் 'பாக்கி உண்டு' என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு. சிட்டையில் வருடம் ஒருமுறை கையெழுத்து வாங்குவது நல்லது.

பழைய பாக்கி: இந்தச் சொல்லுக்கு நான் சொன்ன பொருள் எனக்கே நஷ்டமாக முடிந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. நம் மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு சிறு கடைக்காரர் எனக்கு நாலு மாதப் பாக்கி. அவரிடம் சாமான் வாங்குவோர் எல்லாம் முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்பவர்கள். அவர்களுக்கு வேலை போனது, அவருக்கு வசூல் நின்றது. நான் நேரே போய், கடையில் ஆட்கள் நிற்கும்போதே, "புயலுக்கும் அசையாதது உங்க பாக்கி ஒண்ணுதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அடுத்த வாரம் முழுப் பணத்தோடு வந்தார். "கணக்கை நேர் பண்ணிக்குங்க முதலாளி" என்றார். வீட்டம்மாவின் சங்கிலியை அடகு வைத்த பணம் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதன் பின் என் கடைப் படி அவர் ஏறவில்லை. இருபது வருடப் பழக்கம் ஒரு வேடிக்கைப் பேச்சில் போனது.

பலகை ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொல்கிறது, அதனால் யாருக்கும் வலிக்காது. நான் ஒருவரைப் பார்த்து, நாலு பேர் முன்னால் சொன்னேன். நம் கல்லாவைப் பார்த்து நாம் சிரிக்கலாம். பாக்கிக்காரரிடம் பேசுவதைத் தனியாக, சிட்டையை வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

கடைசியாக ஒரு சொல்.

வாடிக்கையாளர்: பாக்கி இருக்கும்போதும் தெரு மாறாமல் நம் கடை வழியாகவே நடந்து போகிறவர்.

உங்கள் கடையில் வழங்கும் சொற்கள் இருந்தால் நம் ஏட்டுக்கு எழுதி அனுப்புங்கள். அகராதி வளரட்டும்.