ஊர் நகரத்து ஆட்டப் பலகை

இன்றைய ஈராக்கு நாட்டின் தென்பகுதியில், ஊர் என்னும் தொன்னகரம் மண்மேடாகிக் கிடக்கின்றது. அதன் பெயர் நம் தமிழ்ச் சொல்லோடு ஒத்தொலிப்பது தற்செயலே. அதுகொண்டு உறவு கற்பித்தல் வேண்டா. விவிலியத்தின் தொடக்க நூல் ஆபிரகாம் புறப்பட்ட இடமாகக் கூறும் நகரம் இதுவே என்பர் பலர். 1922 முதல் 1934 வரை லியோனார்டு உல்லி என்னும் ஆங்கில அறிஞர் அங்கே அகழாய்வு நடத்தினார். அரசர் இடுகாட்டில் பொன்னணிகளோடும் யாழ்களோடும் சில ஆட்டப் பலகைகளும் வெளிப்பட்டன. அவை ஏறத்தாழ 4,500 ஆண்டுப் பழைமை உடையவை. மறுமையிலும் ஆடுதற்குப் பொழுது கிடைக்கும் என்று அம்மக்கள் எண்ணினர் போலும்!

சிப்பியும் நீலக்கல்லும் செந்நிறக் கல்லும் இழைத்த பலகையில் 20 கட்டங்கள் உள. நந்நான்காக மூன்று வரிசை ஒருபுறம். இவ்விரண்டாக மூன்று வரிசை மறுபுறம். இரண்டையும் இணைக்கும் பாலம்போல் நடுவே இரு கட்டங்கள். ஐந்து கட்டங்களில் மலர் பொறிக்கப்பட்டுள்ளது.

ஆடும் முறை எங்ஙனம் அறியப்பட்டது? கி.மு. 177ஆம் ஆண்டளவில் பாபிலோனிய எழுத்தர் ஒருவர் இவ்வாட்டத்தைப் பற்றிக் களிமண் தட்டில் ஆப்பெழுத்தால் குறித்து வைத்தார். அதனை இலண்டன் பிரித்தானியக் காட்சியகத்து அறிஞர் இர்விங் பிங்கெல் படித்துப் பொருள் கண்டார். பலகைக்கும் தட்டுக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி உண்டு. ஆதலின், இன்று ஆடப்பெறும் முறை இரண்டையும் ஒப்புநோக்கி ஊகித்து அமைத்ததேயாம்.

ஆடுவோர் இருவர், ஒருவர்க்குக் காய் ஏழு. நான்முகக் கவறுகள் நான்கு. ஒவ்வொன்றின் நான்கு முனைகளுள் இரண்டில் புள்ளி உண்டு. மேல்நோக்கி நிற்கும் புள்ளி முனைகளின் தொகையே எறிவின் எண். காய் தன் பக்கத்து நான்கு கட்டங்களைக் கடந்து, நடு வரிசையின் எட்டுக் கட்டங்களில் சென்று, மீண்டும் தன் பக்கத்து இரண்டில் திரும்பி வெளியேறும். வெளியேறுதற்கும் சரியான எண் விழவேண்டும். நடு வரிசை இருவர்க்கும் பொது; போரெல்லாம் அங்கேதான். எதிரியின் காய் நிற்கும் கட்டத்தில் நம் காய் சென்று விழுந்தால் அது வெட்டுண்டு, தொடக்கத்திற்கே திரும்பும். மலர்க் கட்டத்தில் நின்றவர்க்கு மற்றோர் எறிவு உண்டு. நடு வரிசையின் மலரில் நிற்கும் காயை வெட்டுதல் ஆகாது.

இதனை வெறும் நற்பேற்றின் ஆட்டம் என்பது பிழை. நான்கு கவறும் விழும் வகை 16. அவற்றுள் இரண்டு விழுவது ஆறு வகை. ஒன்றும் மூன்றும் நந்நான்கு வகை. நான்கும் சுழியமும் ஒவ்வொரு வகையே. எனவே எதிரிக்கு இரண்டு கட்டம் முன்னே நிற்கும் காய் பேரிடரில் உள்ளது. நான்கு கட்டம் முன்னே நிற்பது பெரும்பாலும் பிழைக்கும். நடு மலரைப் பற்றிய காயை நகர்த்தாது வைத்திருந்தால் எதிரிக்கு அவ்விடம் கிட்டாது. ஆயினும் பிற காய்கள் நகர வழியின்றி நிற்கும்போது, அதனையே எடுத்துப் பாலத்தில் வைக்க நேரும். எடுப்பதா, காப்பதா? கவறு எண்ணைத் தரும். எக்காயை நகர்த்துவது என்பதை அது சொல்லாது.

இவ்வாட்டம் அரசரோடு ஒழிந்துவிடவில்லை. எகிப்திய மன்னன் துட்டங்காமன் கல்லறையிலும் 20 கட்டப் பலகை கிடைத்தது. கொச்சியில் வாழ்ந்த யூதப் பெண்டிரும் அண்மைக் காலம் வரை இதனை ஒத்ததோர் ஆட்டம் ஆடினர். அசீரிய மன்னன் இரண்டாம் சார்கோன், கி.மு. 721 முதல் 705 வரை ஆண்டவன். ஏசாயா நூலிலும் பெயர் இடம்பெற்றவன். அவன் அரண்மனை வாயிலில் நின்ற, மனிதத் தலையும் இறகும் கொண்ட கல் எருதின் அடிப்பீடத்தில் இதே கட்டங்கள் கீறப்பட்டுள்ளன. கீறியவர்கள், காவல் பணியில் பொழுது போகாத வாயிற்காவலராகலாம்.