கல்லுக்கு அடியில் சிங்க்: விற்கும் முன் கேட்க வேண்டியவை

நம் கோவில்பட்டி வட்டாரத்தில் முன்பெல்லாம் சமையல் மேடை என்றால் கடப்பாக் கல்தான். பிறகு கிரானைட் வந்தது. அதோடு, கல்லுக்கு அடியில் பொருத்தும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிங்க்கும் வந்தது. மேடையைத் துடைத்தால் தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் விழும். மேலே விளிம்பு இல்லாததால் அழுக்கும் தங்காது. அதனால் மக்கள் விரும்பி வாங்குகிறார்கள். புதிதாக விற்பது எளிது. சில வருடம் கழித்து அதை மாற்ற வரும்போதுதான் நமக்கு வேலை இருக்கிறது.

எங்கள் கடையில் நடந்ததையே சொல்கிறோம். ஒரு வாடிக்கையாளர், "பழையது 24க்கு 18 அங்குலம். அதே அளவு கொடுங்கள்" என்றார். கொடுத்தோம். மறுநாள் சிங்க்கோடு திரும்பி வந்தார். பழையதில் 24க்கு 18 என்பது தொட்டியின் உள்ளளவு. நாங்கள் கொடுத்ததில் அது விளிம்பையும் சேர்த்த வெளியளவு. கல்லில் பிடிமானமே கிடைக்கவில்லை. சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். ஆனால் பிளம்பர் கூலியும், இரண்டு நாள் அந்த வீட்டில் பட்ட சிரமமும் வீண். கேட்க வேண்டியதைக் கேட்காதது எங்கள் தவறு.

எனவே முதலில் அளவைக் கேளுங்கள். கல்லில் உள்ள திறப்பின் நீளம், அகலம், மூலை வளைவு மூன்றும் வேண்டும். ஒரு அட்டையை அடியில் வைத்து வரைந்து வெட்டிக் கொண்டுவரச் சொன்னால் இன்னும் நல்லது. கல்லின் திறப்பைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. இதை வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, பழையது எப்படி நிற்கிறது என்று கேளுங்கள். பசையும் கிளிப்பும் போட்டிருந்தால் கழற்றுவது எளிது. நம் பக்கத்தில் பல வீடுகளில் கடப்பாக் கல்லில் சிங்க்கை உட்காரவைத்து, அதன்மேல் கிரானைட்டைப் பதித்திருப்பார்கள். மாற்ற வேண்டுமென்றால் மேல்கல்லை உடைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். அவசியமில்லை. முதலில் மேடைக்கு முட்டுக் கொடுத்து, அடியிலிருந்து கடப்பாவை மெஷினால் அறுத்து இறக்கலாம். பிறகு இரும்பு ஆங்கிள் அடித்துப் புதியதைத் தாங்க வைக்கலாம். உளியால் தட்டக் கூடாது. சிங்க்குக்கு முன்னால் உள்ள இரண்டு மூன்று அங்குலக் கல்தான் பலவீனமான இடம். அது ஒடிந்தால் கல்லையே மாற்ற வேண்டிவரும்.

தாங்கலும் முக்கியம். 24க்கு 18, ஆழம் 9 அங்குலம் உள்ள தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டும் 60 கிலோவுக்கு மேல். பசையை மட்டும் நம்பக் கூடாது.

இணைப்புக்குச் சிமெண்ட் வேண்டாம். நம் கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அடித்தளம் சரியில்லாத வீட்டில் சுவரோடு மேடையும் அசையும். சிமெண்ட் வெடித்துவிடும், சிலிகான் வளைந்து கொடுக்கும். அதிலும் புளித்த வாடை அடிக்கும் சிலிகான் கல்லில் கறை விடலாம். கல்லுக்கென்று உள்ள நியூட்ரல் வகையைக் கொடுங்கள். பழைய பசையைச் சுரண்டி, ஈரம் காய்ந்த பிறகே பூச வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் விடக் கூடாது.

தரத்தையும் விளக்குங்கள். 304 ரகத்தில் குரோமியம் சுமார் 18, நிக்கல் சுமார் 8 சதவீதம். 202 ரகத்தில் நிக்கல் குறைவு, விலையும் குறைவு. காந்தம் ஒட்டவில்லை என்பதால் மட்டும் அது 304 ஆகிவிடாது. 202-லும் பெரும்பாலும் ஒட்டாது. கேஜ் எண் குறைந்தால் தகடு கனம் அதிகம். வீட்டுச் சிங்க்குக்கு ஐ.எஸ். 13983 என்ற இந்தியத் தர நிர்ணயம் உண்டு.

போர் தண்ணீரால் உப்புப் படியும். அதைப் போக்க ஆசிட் ஊற்றினால் 304-ம் புள்ளி விழும். புளியோ எலுமிச்சையோ தேய்த்து, நன்றாகக் கழுவித் துடைத்தாலே போதும்.

கடைசியாக ஒன்று. பில்லில் "சிங்க் 1" என்று மட்டும் எழுதாதீர்கள். உள்ளளவு, வெளியளவு, கேஜ், ரகம் நான்கையும் எழுதுங்கள். நாங்கள் அன்று முதல் அப்படித்தான் எழுதுகிறோம். அடுத்த முறை மாற்ற வரும்போது அந்த ஒரு வரி வாடிக்கையாளரின் கல்லையும் காப்பாற்றும், நம் கடையின் பெயரையும் காப்பாற்றும்.