மழை அறிவிப்பைப் படிக்கும் முறை

ஐப்பசி பிறந்ததும் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு மாவட்டங்களில் அனைவருடைய கண்களும் கிழக்குத் திசையை நோக்கத் தொடங்குகின்றன. சென்னை நுங்கம்பாக்கத்திலுள்ள மண்டல வானிலை மையம் நாள்தோறும் அறிவிப்பு வெளியிடுகிறது. "வட கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்புண்டு" என்ற வாசகம் நம் கிராமத்தார் பலருக்கும் மனப்பாடம். எனினும் அதன் பொருள் என்னவென்று கேட்டால், "எங்கோ ஒரு மூலையில் பெய்யுமாம்" என்றே பெரும்பாலோர் கூறுவர். அது சரியன்று. அறிவிப்பில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அளந்து வைத்த பொருள் உண்டு.

முதலில் மழையளவைக் காண்போம். ஒரு நாள் காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை மழைமானியில் சேரும் நீரே அந்நாளின் மழையாகக் கணக்கிடப்படுகிறது. 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் அது கனமழை. 12 முதல் 20 வரை மிகக் கனமழை. 20-ஐத் தாண்டினால் அதிகனமழை. இனி இடத்தைக் குறிக்கும் சொற்கள். ஒரு பகுதியிலுள்ள மழைமானிகளில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவாகுமென எதிர்பார்த்தால் "ஓரிரு இடங்கள்" என்பர். 26 முதல் 50 வரை "ஒரு சில இடங்கள்". 75 வரை "அநேக இடங்கள்". அதற்கு மேல் "பெரும்பாலான இடங்கள்". ஒரு மாவட்டத்தில் 20 மானிகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் ஐந்தில் 15 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தாலும் அறிவிப்பின் கணக்கில் அது "ஓரிரு இடங்களில் மிகக் கனமழை"தான். அந்த ஐந்தில் ஒன்று நம் ஊராகவும் இருக்கலாம்.

இவ்வாறு பெய்யும் மழை எத்துணை ஏற்றத்தாழ்வு உடையது என்பதற்கு 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி காலைப் பதிவே போதும். அன்று நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் 35, செம்பரம்பாக்கத்தில் 47, தாம்பரத்தில் 49. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கும் இவ்வூர்களுக்கிடையே 20 சென்டிமீட்டர் வேறுபாடு! அதிகம் பெய்த இடங்களோ அடையாற்றின் தலைப்பகுதிகள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. அத்துடன் ஆதனூர், மணிமங்கலம், முடிச்சூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும் சேர்ந்தது. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. நகரத்தில் வானைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஆற்றின் நிலை விளங்கவில்லை. தம் தலைக்கு மேல் பெய்ததை மட்டுமே அவர் அறிந்திருந்தார்.

வட கடலோரம் ஏன் இவ்வளவு மழை பெறுகிறது? தென்மேற்குப் பருவக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் தன் ஈரத்தை இறக்கிவிட்டு வருவதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை நமக்குக் கிட்டுவது பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் வரும் இடிமழையே. அக்டோபர் நடுவில் காற்று திசை மாறுகிறது. வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வடகிழக்கிலிருந்து வீசும் காற்று முதலில் மோதுவது நம் கரையில். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் இம்மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. அதுவும் நாள்தோறும் சீராகப் பெய்வதன்று. கடலில் தோன்றும் தாழ்வு நிலைகள் நான்கைந்து வந்தால் ஏரி நிரம்பும். வராவிட்டால் கிணறும் வற்றும்.

பருவம் தொடங்குமுன் வெளியாகும் நீண்டகால முன்னறிவிப்பை நாம் அளவோடு நம்ப வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். பசிபிக் கடல் வெப்பமடையும் எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் மிகும். 2015 அத்தகைய ஆண்டு. அக்கடல் குளிரும் லா நினா ஆண்டுகளில் குறையுமென எதிர்பார்ப்பர். ஆயினும் லா நினா நிலவிய 2021-இல் தமிழ்நாடு வழக்கத்தைவிட 59 சதவிகிதம் மிகுதியாகப் பெற்றது. 2015-இன் வெள்ளத்தை அடுத்து வந்த 2016-இலோ பருவமழை 62 சதவிகிதம் குறைந்துபோயிற்று. மூன்று மாத மொத்தம் இயல்பானது என்றால், இயல்பான மழை ஒவ்வொரு வாரமும் பெய்யும் என்று பொருளல்ல. இரண்டே நாளில் பெய்துவிட்டுப் போகவும் கூடும்.

குறுகிய கால அறிவிப்பும் தவறுவதுண்டு. 2021 டிசம்பர் 30-ஆம் தேதி மயிலாப்பூரிலும் அதையடுத்த கடலோரத்திலும் எதிர்பாராத பெருமழை கொட்டியது. அவ்வளவு வருமென முன்னறிவிப்பு சொல்லவில்லை. தியாகராய நகரின் தெருக்களில் நீர் நின்றது. அந்நகரம் நீண்ட ஏரி என்னும் நீர்நிலையை 1920-களில் வற்றச் செய்து, அதன் படுகையில் எழுப்பப்பட்டது என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கருத்தில் கொள்வது நல்லது. ஏரிப் புறம்போக்கில் மனை கேட்டு வருவோருக்குக் காட்டத்தக்க உதாரணம் அது. இத்தகைய சிறு மேகக் கூட்டங்களை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் காண்பதற்கே சென்னைத் துறைமுகத்திலும் பள்ளிக்கரணையிலும் ராடார்கள் உள்ளன.

புயல் கரை கடக்கும் இடத்தையே பார்ப்பது மற்றொரு பிழை. 2023 டிசம்பர் 5-ஆம் தேதி மிக்ஜாம் புயல் கரை கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே. சென்னை வெள்ளத்தில் மிதந்ததோ அதற்கு முந்திய இரு நாள்களில்.

அறிவிப்பை நம் ஊருக்குப் பொருத்த ஒரு கணக்கு உதவும். ஏரியின் நீர்ப்பிடிப்பு 10 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் மழை பெய்து, அதில் பாதி ஓடி வந்தால், ஏரிக்குச் சேர்வது ஏறத்தாழ 1 கோடியே 76 லட்சம் கன அடி. பருவத் தொடக்கத்தில் காய்ந்த மண் பெரும்பகுதியைக் குடித்துவிடும். கார்த்திகையில் நனைந்து கிடக்கும் மண் குடிப்பதில்லை. ஆகவே அதே 10 சென்டிமீட்டர் ஐப்பசியில் வரமாகவும் கார்த்திகைக் கடைசியில் ஆபத்தாகவும் முடியும். ஏரி ஏற்கெனவே கலங்கல் மட்டத்துக்கு அருகில் இருக்கும்போது ஆரஞ்சு நிற எச்சரிக்கை வந்தால், வரத்துக்கால் அடைப்பையும் கரையின் நலிந்த இடத்தையும் பார்வையிட மழையை எதிர்பார்த்திருக்கலாகாது. வயலிலும் அவ்வாறே: கனமழை அறிவிக்கப்பட்ட இரு நாள்களில் சம்பாப் பயிருக்கு யூரியா தூவுவது பணத்தை வாய்க்காலில் விடுவதாகும். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வேளாண் வானிலைக் குறிப்பு இதற்கென்றே அமைந்தது.

ஒவ்வொரு பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒரு மழைமானி இருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. காலை 8.30 மணிக்கு அதன் அளவையும், அன்றைய ஏரி மட்டத்தையும், முதல் நாள் வந்த அறிவிப்பையும் ஒரே ஏட்டில் எழுதி வரலாம். எத்தனை சென்டிமீட்டருக்கு ஏரி எத்தனை அங்குலம் ஏறுகிறது என்பது இரண்டு பருவங்களில் புலப்படும். கலங்கல் எந்த மட்டத்தில் வழியும், எந்தத் தெருவில் நீர் முதலில் நுழையும் என்பவற்றை ஊர் நீர்க்கட்டியிடம் கேட்டு, ஏட்டின் முதற்பக்கத்தில் இப்போதே குறித்து வைக்கலாம்.