நண்டை எடை போடும் முன்பே கேளுங்கள்

சிங்கப்பூருக்கு வரும் நம்மவர்கள் மிளகாய் நண்டை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, ரசீதைப் பார்த்து வாயடைத்துப் போவது ஓய்ந்தபாடில்லை. 2009-ல் நியூட்டன் உணவங்காடியில் சில அமெரிக்கப் பயணிகளிடம் ஒரே சாப்பாட்டுக்கு 491 சிங்கப்பூர் வெள்ளி வாங்கப்பட்ட விவகாரம் ஊரே அறிந்தது. அதற்குப் பிறகும் கேட்டுச் சாப்பிடும் பழக்கம் வரவில்லை.

விலைப்பட்டியலில் நண்டுக்கு எதிரே 9 வெள்ளி என்றிருந்தால் அது பெரும்பாலும் 100 கிராமுக்கு. ஒன்றேகால் கிலோ நண்டு 112.50 வெள்ளி ஆகிவிடும். 'பருவ விலை' என்றிருந்தால் இன்னும் உஷார். கண்ணெதிரே நிறுக்கச் சொல்லுங்கள், மொத்தம் எத்தனை வெள்ளி என்று கேளுங்கள், பட்டியலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் மேசைக்கு வரும் வேர்க்கடலைக்கும் ஈரத்துண்டுக்கும்கூடக் காசு உண்டு. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்புங்கள்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். 100 வெள்ளிச் சாப்பாடு 119.90 ஆகும். வரி அரசாங்கத்துக்கு, சேவைக் கட்டணம் கடைக்காரருக்கு. கவனிப்பு மோசமென்றால் அதை நீக்கச் சொல்லிக் கேட்கலாம், நீக்கியே ஆகவேண்டும் என்ற சட்டம் இல்லை.

ஹலால் பார்ப்பவர்கள் 'பன்றி இறைச்சி இல்லை' என்ற அட்டையை நம்பி உட்கார்ந்துவிடுகிறார்கள். அது ஹலால் சான்றிதழ் அல்ல. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் வழங்கிய சான்றிதழ் சுவரில் இருக்கிறதா, காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

சாப்பிட்டபின் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள். பிறகு சிங்கப்பூர் உணவு அமைப்பின் இணையப் படிவத்தில் கடை, நாள், நேரம், சாப்பிட்ட பதார்த்தம் எல்லாவற்றையும் எழுதுங்கள். சமூக ஊடகத்தில் திட்டித் தீர்த்தால் எந்த அதிகாரியும் கடைக்கு வந்து பார்க்கப்போவதில்லை.

பணத் தகராறுக்கு வேறு வழி. ரசீது கட்டாயம். திரும்பவும் சொல்கிறேன், ரசீது கட்டாயம். கடை மேலாளரிடம் பேசியும் தீராவிட்டால் 'கேஸ்' எனப்படும் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுக்கலாம். ஆனால் அது அரசாங்கத் துறை அல்ல; சமரசம் பேசும், அபராதம் போடாது. இது தெரியாமல் பலர் புகார் கொடுத்ததோடு காரியம் முடிந்ததென்று ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

கட்டுப்படுத்தும் தீர்ப்பு வேண்டுமென்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம்தான். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் இணையத்திலேயே பதியலாம். வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை, ஆகவே அந்தச் செலவும் இல்லை. 5,000 வெள்ளிக்கு மேற்படாத தனிநபர் கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளி. சிங்பாஸ் எனும் மின்னிலக்க அடையாளம் இல்லாத வெளிநாட்டவர், கோரிக்கையைப் பதியும் இணையத்தளத்துக்கென்றே உள்ள தனி நுழைவு அனுமதியைக் கேட்டுப் பெறவேண்டும். கடவுச்சீட்டு, ரசீது, விலைப்பட்டியல் படம் மூன்றையும் தயாராக வைத்திருங்கள். ஊர் திரும்பும் தேதியையும் மன்றத்திடம் மறக்காமல் தெரிவியுங்கள்.